வான்படைத் தளபதி இத்ரீஸ் ஹஸன் லத்தீஃப்

மதுரை மாநகருக்குத் தெற்கே, பெருங்குடியை ஒட்டி, கண்மாய்களும் மானாவாரி நிலங்களும் சூழ்ந்த சமவெளியில் விமான நிலையம் ஒன்று இருக்கின்றது. இன்று கொழும்புக்கும் துபாய்க்கும் போய் வருகின்ற நம்மவர்கள் அதன் வாயிலில் வந்து இறங்குகின்றனர். அந்த ஓடுதளத்தின் பூர்வீகம் பயணிகளுக்காக ஏற்பட்டதன்று. 1942ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அரச விமானப் படையினரே அதனை முதன்முதலில் பயன்படுத்தியவர்கள்.

அந்த ஆண்டினை நம் குடும்பத்து முதியோர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 1941 டிசம்பர் 23ஆம் நாள் ரங்கூன் மீது ஜப்பானியர் குண்டு வீசினர். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் ரங்கூனும் வீழ்ந்தது. ரங்கூன் முகல் தெருவில் கடை வைத்திருந்தோர், பினாங்கிலும் ஈப்போவிலும் கணக்கெழுதியோர், கப்பலில் இடம் கிடைத்தவர் கப்பலிலும், கிடைக்காதவர் அரக்கான் மலைகளையும் மணிப்பூர்க் காடுகளையும் கால்நடையாகக் கடந்தும் ஊர் வந்து சேர்ந்தனர். வழியில் மாண்டோரின் கணக்கு எவரிடத்திலும் சரியாக இல்லை. ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பும், 6ஆம் நாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9ஆம் நாள் திருகோணமலையும் தாக்கப்பட்டன. சென்னைப் பட்டணம் ஏறக்குறையக் காலியாயிற்று. அரசு அலுவலகங்கள் பல உள்நாட்டு ஊர்களுக்குச் சென்றன. அவ்வேளையில்தான் தமிழகத்தின் வெட்டவெளிகள் விமானத் தளங்களாக மாறின. சோழவரம், அரக்கோணம், உளுந்தூர்ப்பேட்டை, தஞ்சாவூர், சூலூர், கயத்தாறு என அடுக்கிக்கொண்டே போகலாம். மதுரையும் அவற்றுள் ஒன்று.

இத்தளங்களில் வந்திறங்கிய விமானிகளை நம் கிராமத்து மக்கள் அனைவரையும் 'வெள்ளைக்காரர்' என்றே எண்ணியிருப்பார்கள். அதில் வியப்பில்லை. ஆயினும் அதே ஆண்டில், தெக்காணத்தின் ஹைதராபாத் நகரைச் சேர்ந்த பதினெட்டு வயது முஸ்லிம் இளைஞர் ஒருவர் இந்திய விமானப் படையில் அதிகாரியாக நியமனம் பெற்றார். பின்னாளில் அப்படை முழுமைக்கும் தலைமை தாங்கப் போகின்றவர் அவர். இத்ரீஸ் ஹஸன் லத்தீஃப் என்னும் அப்பெருமகனைப் பற்றி இக்கட்டுரையில் எழுதப் புகுகின்றோம்.

மதுரைக்காரர்களுக்கு 'முஸ்லிம் தளபதி' என்றதும் கான்சாகிபு என்னும் முஹம்மது யூசுப்கானின் நினைவே முதலில் வரும். கும்பினிக்காகவும் நவாபுக்காகவும் போரிட்டு, மதுரைச் சீமையை ஆண்டு, பின்னர் அவ்விருவரையுமே எதிர்த்து நின்று, 1764 அக்டோபர் 15ஆம் நாள் தூக்கிலிடப்பட்ட அவ்வீரரின் அடக்கத்தலம் சம்மட்டிபுரத்தில் இருக்கின்றது. அவர் கதையை நாட்டுப்பாடலாகவே நம் மக்கள் பாடி வந்தனர். வீரர் எவரையும் தமிழ்மக்கள் சாதி சமயம் பார்த்து மறந்ததில்லை. ஆனால் படிப்பும் நிதானமும் கணக்கும் தேவைப்படுகின்ற புதுக்காலத்துப் போர்த்தலைமையைப் பற்றி நம் ஏடுகளில் நாம் எழுதியது மிகக் குறைவு. வள்ளல்களைப் பற்றியும் புலவர்களைப் பற்றியும் மரக்கலம் ஓட்டிய மரைக்காயர்களைப் பற்றியும் எழுதியிருக்கின்றோம். வானூர்தி ஓட்டியவர்களை விட்டுவிட்டோம்.

இந்திய விமானப் படை 1932 அக்டோபர் 8ஆம் நாள் சட்டப்படி தோன்றியது. 1933 ஏப்ரல் முதல் நாள் கராச்சியின் டிரிக் ரோடு தளத்தில் அதன் முதலாம் படையணி உருவாயிற்று. இருந்தவை நான்கு வாபிட்டி விமானங்கள். இங்கிலாந்தின் கிரான்வெல் கல்லூரியில் பயின்று வந்த இந்திய விமானிகள் ஐவர். சுப்ரதோ முகர்ஜி, ஹரீஷ் சந்திர சர்க்கார், பூபேந்திர சிங், அமர்ஜித் சிங் ஆகிய நால்வரோடு ஐந்தாமவராக நின்றவர் ஐசத் பக்ஷ் அவான் என்னும் முஸ்லிம். இந்தியரால் விமானம் ஓட்ட இயலுமா என்னும் ஐயம் ஆங்கிலேய அதிகாரிகள் பலரிடம் இருந்த காலம் அது. முதல் உலகப் போரிலேயே வங்காளத்து இளைஞர் இந்திரலால் ராய் 1918 ஜூலை மாதத்தில் சில நாட்களுக்குள் பத்துப் பகை விமானங்களை வீழ்த்தி, அம்மாதம் 22ஆம் நாள் தாமும் வீழ்ந்திருந்தார். அந்தச் சான்று கண்முன்னே இருந்தும் ஐயம் தீரவில்லை என்றால், அது அறியாமையால் வந்த ஐயம் அன்று என்பது விளங்கும்.

லத்தீஃப் 1923 ஜூன் 9ஆம் நாள் ஹைதராபாத்தில் பிறந்தார். நிஜாம் கல்லூரியில் பயின்றார். நிஜாமின் ஆட்சியில் அக்குடிப்பிறந்த இளைஞருக்கு உள்ளூரிலேயே நல்ல உத்தியோகங்கள் காத்திருந்தன. அவற்றை விடுத்து விமானப் படையை நாடினார். அம்பாலாவில் பயிற்சி முடிந்ததும் கராச்சியில் கடலோரக் காவல் பிரிவொன்றுக்கு அனுப்பப்பட்டார். அரபிக் கடலின் மேல் தாழப் பறந்து நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுவதே அப்பிரிவின் பணி. இதுபோன்ற பிரிவு சென்னையின் பரங்கிமலையிலும் இருந்தது.

அவ்விமானங்கள் எத்தகையவை? வாபிட்டி, ஹார்ட், ஆடாக்ஸ் என்னும் பெயர் கொண்ட அவை இரட்டை இறக்கை உடையவை. உடலிலும் இறக்கையிலும் துணி போர்த்தியவை. விமானியின் தலைக்கு மேல் கூரையற்றவை. கடற்காற்றும் மழையும் முகத்தில் அறையும். கீழே தண்ணீர், இருப்பதோ ஒரே ஓர் இயந்திரம். அது நின்றுவிட்டால் கரை சேர்வது அரிது. உலகப் போரில் மற்றவர்கள் புதிய விமானங்களில் பறந்துகொண்டிருந்தபோது, எங்கோ பழையதாகிப் போனவற்றைக் கொடுத்து இந்தியக் கடற்கரையைக் காக்கச் சொன்னார்கள். காத்தார்கள்.

1943இல் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட இந்திய விமானிகள் சிலருள் லத்தீஃபும் ஒருவர். ஹரிக்கேன், ஸ்பிட்பையர் ஆகிய போர்விமானங்களில் அங்கே பயிற்சி பெற்று, 1944இல் திரும்பிப் பர்மாப் போர்முனைக்குச் சென்றார்.

பர்மாப் போர்முனையில் இந்திய விமானிகள் ஆற்றிய பணியைச் சற்று விளக்க வேண்டியிருக்கின்றது. திரைப்படங்களில் காண்பது போல விமானத்தோடு விமானம் மோதுவது அங்கே அரிது. பெரும்பாலும் வேவு பார்க்கும் வேலை. இரண்டு இரண்டு விமானங்களாகச் செல்வார்கள். ஒருவர் மரங்களின் உச்சியை உரசுமளவு தாழப் பறந்து, ஆற்றங்கரையில் படகு இருக்கின்றதா, பாதையில் புதிய சக்கரத்தடம் தெரிகின்றதா, பாலத்தை இரவோடிரவாகச் செப்பனிட்டிருக்கின்றார்களா என்று பார்ப்பார். மற்றவர் சற்று மேலே இடமும் வலமுமாக வளைந்து பறந்து வானத்தைக் கண்காணிப்பார். கீழே பார்ப்பவர் மேலே பார்க்க இயலாது. ஆகவே அவருடைய உயிர் தோழரின் கண்ணில் இருந்தது. பருவமழைக் காலத்தில் மலைகளை மேகம் மூடிவிடும். பள்ளத்தாக்கு என எண்ணி நுழைந்தால் பாறை நிற்கும். பகைவரின் துப்பாக்கியை விட இந்த மேகத்துக்கு இரையானோர் பலர்.

இப்படி ஒருவர் கண்ணை ஒருவர் நம்பிப் பறந்த இளைஞர்களின் பெயர்களைப் பாருங்கள். 1944இல் இம்பால் முற்றுகையின்போது முதலாம் படையணிக்குத் தலைமை தாங்கியவர் அர்ஜன் சிங். அவ்வாண்டு ஜூன் மாதம் மவுண்ட்பேட்டன் பிரபு போர்முனைக்கே வந்து அவர் மார்பில் வீரப்பதக்கம் சூட்டினார். 9ஆம் படையணிக்குத் தலைமை பூண்டவர் ஜம்முவில் பிறந்த அஸ்கர் கான். அவருக்கு இளையவராக நூர்கான். லத்தீஃப் இவ்விருவரோடும் பணியாற்றினார். நட்பும் கொண்டார். ஒரே உணவு மேசையில் அமர்ந்து, ஒரே கூடாரத்து மழையொழுகலில் நனைந்த இந்நால்வருமே பின்னாளில் விமானப் படைத் தலைவர்கள் ஆயினர். இருவர் இந்தியாவுக்கு, இருவர் பாகிஸ்தானுக்கு!

இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர்கள் பறந்த பர்மாவின் மண்ணில், நம்மவர் விட்டுவந்த கடைகளும் பள்ளிவாசல்களும் இருந்தன. மறுபுறத்தில் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் தமிழ் முஸ்லிம்களும் சேர்ந்திருந்தனர். வானில் பறந்தவனும் தரையில் நடந்தவனும் தத்தமக்கு உரிய வழியில் இந்த நாட்டுக்காகவே செல்கின்றோம் என்று நம்பினர். இருவரில் ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்தும் எண்ணம் நமக்கு இல்லை. சுதந்திரம் வந்தபோது இருவரின் பங்கும் அதிலே கலந்திருந்தது.

1946இல் இலண்டனில் நடைபெற்ற வெற்றி அணிவகுப்பில் கலந்துகொண்ட இந்தியக் குழுவில் லத்தீஃப் இடம் பெற்றார். அடுத்த ஆண்டு நாடு பிரிந்தது.

பிரிவினை என்றால் நாம் இரயில்களையும் அகதி முகாம்களையும் நினைக்கின்றோம். படைகளுக்குள் அது மேசையின் மேல் வைக்கப்பட்ட ஒரு தாளாக வந்தது. எந்த நாட்டுப் படையில் பணியாற்ற விரும்புகின்றீர் என்று ஒவ்வோர் அதிகாரியும் எழுதித் தர வேண்டும். பாகிஸ்தானாக அமைந்த பகுதியைச் சேர்ந்த முஸ்லிமுக்கு இந்தியாவைத் தேர்ந்தெடுக்க உரிமை இல்லை. இந்தியாவாக அமைந்த பகுதியைச் சேர்ந்த முஸ்லிம்களுக்கோ இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தது. உரிமை என்று சொல்கின்றோம். உண்மையில் அது பெருஞ்சுமை. விமானங்களும் கருவிகளும் பங்கிடப்பட்டன. படையணிகளும் பங்கிடப்பட்டன; அஸ்கர் கான் பர்மாவில் தலைமை தாங்கிய 9ஆம் படையணி பாகிஸ்தானின் பங்காயிற்று. முதலாம் படையணியின் ஐவருள் ஒருவராகிய அவானும் அங்கே சென்றார்.

அஸ்கர் கானும் நூர்கானும் லத்தீஃபை அழைத்தனர். புதிதாகத் தோன்றும் ஒரு படையில், தேர்ந்த விமானிகள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவே இருக்கும் ஓரிடத்தில், அவருக்கு விரைவான உயர்வு காத்திருந்தது என்பதில் ஐயமில்லை. அழைத்தவர்கள் அன்னியரும் அல்லர், போர்முனைத் தோழர்கள். லத்தீஃப் மறுத்தார். சமயம் வேறு, நாடு வேறு. இரண்டையும் ஒன்றோடொன்று பிணைக்க வேண்டியதில்லை என்பதே அவர் அளித்த விடையின் சாரம். தம் மார்க்கத்தை அவர் விட்டுக்கொடுக்கவும் இல்லை. நாட்டை மாற்றிக்கொள்ளவும் இல்லை. நட்பையும் முறித்துக்கொள்ளவில்லை.

தமிழகத்து முஸ்லிம்களுக்கு இம்முடிவு விளங்காத ஒன்றன்று. 1948 மார்ச் 10ஆம் நாள் சென்னை இராஜாஜி மண்டபத்தில் கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாகிப் அவர்கள் தலைமையில் கூடிய நம்மவர்கள், இந்த நாட்டிலேயே, இந்நாட்டின் அரசியல் அமைப்புக்கு உட்பட்டு, நம் தனித்தன்மையோடு வாழ்வது என்று தீர்மானித்ததும் இதே மனநிலையில்தான். ஆனால் தமிழகத்தில் அம்முடிவை எடுப்பது, வடக்கில் எடுப்பதைக் காட்டிலும் எளிதாக இருந்தது என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கே அண்டை வீட்டாரின் முகம் மாறவில்லை. லத்தீஃபின் சொந்த ஊராகிய ஹைதராபாத்தில் நிலைமை அப்படி இல்லை. 1948 செப்டம்பர் 13ஆம் நாள் இந்தியப் படைகள் ஹைதராபாத் சமஸ்தானத்துள் நுழைந்தன. விமானப் படையின் டெம்பஸ்ட் விமானங்கள் சமஸ்தானத்தின் விமானத் தளங்களைத் தாக்கின. ஐந்து நாட்களில் எல்லாம் முடிந்தது. அதைத் தொடர்ந்த நாட்களில் அம்மக்கள் பட்ட துன்பம் அத்தனை விரைவில் முடியவில்லை. ஹைதராபாத்தில் பிறந்து இந்திய விமானப் படையின் சீருடையை அணிந்திருந்த ஒருவருக்கு அந்த செப்டம்பர் எத்தகையதாக இருந்திருக்கும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம். 1947இல் தாளில் எழுதித் தந்த விடையை மறு ஆண்டே மனத்தில் மீண்டும் ஒருமுறை எழுத வேண்டியிருந்தது. அவர் படையிலேயே நின்றார்.

1950 ஜனவரி 26ஆம் நாள் இந்தியா குடியரசாயிற்று. தலைநகர் டெல்லியின் வானில் அன்று நடந்த விமான அணிவகுப்பில் டெம்பஸ்ட் விமானங்களோடு முன்சென்று தலைமை தாங்கியவர் ஸ்குவாட்ரன் லீடர் லத்தீஃப். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு.

அதன் பின்னர் வந்த பதவிகளை ஒவ்வொன்றாக எழுதினால் அலுவலகக் குறிப்பாகிவிடும். ஜெட் விமானங்கள் வந்தன, அவற்றில் பறந்தார். வாஷிங்டனில் இந்தியத் தூதரகத்தின் விமானப் படைப் பிரதிநிதியாக இருந்தார். 1965ஆம் ஆண்டுக்கு வருவோம்.

அவ்வாண்டு ஏப்ரலில் கட்ச் சதுப்பு நிலத்தில் இரு நாட்டுப் படைகளும் மோதிக்கொண்டன. அப்போது பாகிஸ்தான் விமானப் படைத் தலைவர் அஸ்கர் கான். இந்திய விமானப் படைத் தலைவர் அர்ஜன் சிங். அஸ்கர் கான் தொலைபேசியை எடுத்தார். டெல்லியில் இருந்த பழைய தோழரை அழைத்தார். இம்மோதலில் இருவர் விமானங்களையும் ஈடுபடுத்தாதிருப்போம் என்றார். அர்ஜன் சிங்கும் இசைந்தார். விமானங்கள் எழவில்லை, மோதல் பரவவில்லை. அஸ்கர் கானே பின்னாளில் இதனைத் தம் நூலில் எழுதியிருக்கின்றார். பர்மாவின் மழையில் விளைந்த நட்பு இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் எத்தனை வீட்டுப் பிள்ளைகளைக் காத்தது என்று கணக்கிட இயலுமா? தொலைபேசி உரையாடல்களுக்கு நினைவுச்சின்னம் எழுப்புவாரில்லை.

ஜூலையில் அஸ்கர் கான் ஓய்வு பெற, நூர்கான் தலைமை ஏற்றார். செப்டம்பர் முதல் நாள் பாகிஸ்தான் டாங்கிகள் சாம்ப் பகுதியில் எல்லை தாண்டின. இம்முறை தொலைபேசி உதவவில்லை. பாதுகாப்பு அமைச்சர் சவாண் கேட்டபோது ஒரு மணி நேரத்தில் விமானங்கள் புறப்படும் என்றார் அர்ஜன் சிங். மாலை மங்கும் வேளையில் பதான்கோட்டிலிருந்து பழைய வாம்பயர் விமானங்கள் சென்றன. அவற்றுள் நான்கு திரும்பவில்லை. மேற்குப் பகுதி விமானப் படைக்கு அப்போது தலைமை தாங்கியவர் ராமசாமி ராஜாராம். அவரும் முந்தைய உலகப் போரில் வீரப்பதக்கம் பெற்றவர்தாம். தமிழ் ஏடுகள் அவர் பெயரையும் பெரிதாக எழுதவில்லை என்பது இவ்விடத்தில் நம் மனத்தாங்கல்.

அப்போர் இந்திய விமானப் படைக்கு ஒரு கசப்பான பாடத்தைக் கற்பித்தது. செப்டம்பர் 6ஆம் நாள் பதான்கோட்டிலும் 7ஆம் நாள் வங்காளத்தின் கலைக்குண்டாவிலும் பல விமானங்கள் தரையில் நின்றபடியே அழிந்தன. வானில் சென்று வீழ்ந்தால் வீரம் எனலாம். வெயிலில் வரிசையாக நிறுத்தி வைத்து இழந்தால் அதற்குப் பெயர் அலட்சியம். ஆறாண்டுகள் கழித்து 1971 டிசம்பர் 3ஆம் நாள் மாலை பாகிஸ்தான் விமானங்கள் இந்தியத் தளங்களைத் திடீரெனத் தாக்கியபோது, இந்திய விமானங்கள் உறுதியான மறைவிடங்களுள் பத்திரமாக நின்றன. தாக்குதலால் பெரும் பயன் விளையவில்லை.

1971 போரின்போது லத்தீஃப் விமானப் படைத் தலைமையகத்தில் திட்டப் பிரிவுக்குப் பொறுப்பான உதவித் தலைவராக இருந்தார். படைத் தலைவர் பி.சி. லால். திட்டப் பிரிவு என்றதும் குளிர்ந்த அறையில் கோப்புப் புரட்டும் வேலை என்று கருதிவிடலாகாது. எத்தனை விமானம், எத்தனை உதிரிப்பாகம், எவ்வகைக் குண்டு, எத்தளத்தில் எத்தனை நாளுக்கு எரிபொருள் என்பதை முன்கூட்டியே கணித்து, வாங்கி, சேர்த்து வைப்பது அது. போர் தொடங்கிய பின்னர் வீரத்தைத் திரட்டலாம். உதிரிப்பாகத்தைத் திரட்ட இயலாது. மதுரையில் மளிகைக் கடை நடத்துவோருக்கு இது நன்கு விளங்கும்: பெருநாள் வந்த பிறகு சரக்குக்கு ஆள் அனுப்புகிறவன் வியாபாரி ஆகமாட்டான்.

கோப்புகளோடு அவர் நின்றுவிடவில்லை. முன்னணித் தளங்களுக்கு அடிக்கடி சென்று வந்தார். கிழக்கு முனையில் டாக்காவின் தேஜ்காவ் ஓடுதளம் முதல் சில நாட்களிலேயே குண்டுவீச்சால் பிளக்கப்பட்டு, அங்கிருந்த பாகிஸ்தான் விமானங்கள் எழ இயலாமற் போயின. டிசம்பர் 14ஆம் நாள் டாக்காவில் ஆளுநர் மாளிகையில் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது இந்திய மிக் விமானங்கள் அம்மாளிகையைத் தாக்கின. ஆளுநர் மாலிக் அன்றே பதவி விலகினார். 16ஆம் நாள் சரணாகதி. அச்செய்தி வந்தபோது லத்தீஃப் கிழக்குப் பிராந்தியத் தலைமையகமாகிய ஷில்லாங்கில் இருந்தார். அவருடைய நெடுங்காலப் பணிக்காக பரம விசிஷ்ட சேவா பதக்கம் அளிக்கப்பட்டது.

1978 ஆகஸ்ட் 31ஆம் நாள் எச். மூல்காவ்கருக்குப் பின்னர், ஆங்கிலேயர் உட்படப் பத்தாவது தலைவராக, ஏர் சீப் மார்ஷல் லத்தீஃப் இந்திய விமானப் படையின் பொறுப்பை ஏற்றார். இந்தியாவின் முப்படைகளுள் ஒன்றின் தலைமைக்கு ஒரு முஸ்லிம் வந்தது அதுவே முதல் முறை. நம் சமுதாயத்தார் மகிழ்ந்தனர், மகிழ்வதில் தவறில்லை. ஆயினும் ஒன்று சொல்வோம். அன்று தொட்டு மேடைகளில் அவர் பெயரைச் சொல்வோரில் இருவகையினர் உண்டு. 'பாருங்கள், முஸ்லிமுக்கும் பதவி கொடுத்தோம்' என்பார் ஒருவர். 'பாருங்கள், நாங்களும் விசுவாசமானவர்களே' என்பார் மற்றவர். இரண்டுமே அவருக்குச் செய்யும் மரியாதை அன்று. துணி போர்த்திய விமானத்தில் அரபிக் கடலின் மேல் பறக்கத் தொடங்கி, முப்பத்தாறு ஆண்டுகள் படிப்படியாக ஏறி வந்த ஒருவருக்கு எவரும் எதையும் கொடுத்துவிடவில்லை. அவரும் எதையும் நிரூபிக்கப் பறக்கவில்லை. ஜாங்கரில் 1948இல் உயிர்நீத்த பிரிகேடியர் உஸ்மானும், 1965இல் டாங்கிகளுக்கு எதிரே நின்ற ஹவில்தார் அப்துல் ஹமீதும் அப்படியே. அவர்களைச் சான்றிதழாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் வழக்கத்தை நாம் விட்டொழிப்பது நன்று.

தலைவராக அவர் என்ன செய்தார் என்பதே பேசத்தக்கது. எதிரியின் எல்லைக்குள் ஆழ ஊடுருவித் தாக்கும் விமானம் ஒன்று வேண்டும் என்னும் கோரிக்கை நெடுங்காலமாக டெல்லியின் மேசைகளில் உறங்கிக்கொண்டிருந்தது. பிரான்சின் மிராஜ், ஸ்வீடனின் விக்கன், பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து செய்த ஜாகுவார் என மூன்றையும் ஆராய்ந்தபடியே ஆண்டுகள் ஓடின. லத்தீஃப் அரசை வற்புறுத்தி முடிவெடுக்கச் செய்தார். அவர் பதவியேற்ற சில வாரங்களில், 1978 அக்டோபரில், ஜாகுவாருக்கு ஒப்பந்தம் ஆயிற்று. மறு ஆண்டு ஜூலையில் முதல் விமானங்கள் வந்து சேர்ந்தன. அதற்கு இட்ட பெயர் 'ஷம்ஷேர்'. பார்சி மொழியில் வாள் என்பது பொருள். நாற்பதாண்டுகளுக்கு மேலாகியும் அவ்விமானம் இந்தியப் படையில் பறந்துவந்தது என்றால், தேர்வு எத்தகையது என்று வேறு சொல்ல வேண்டியதில்லை.

சோவியத் நாட்டிலிருந்து இறக்கையை மடித்து விரிக்கவல்ல மிக்-23 விமானங்களும், இருபது கிலோமீட்டருக்கு மேல் உயர்ந்து பறந்து படம் பிடிக்கும் மிக்-25 விமானங்களும் வந்தமைக்கும் அவர் காலத்து முடிவுகளே காரணம். வாங்கச் சொன்ன விமானத்தில் தாமே பறந்து பார்ப்பது அவர் வழக்கம். ஓய்வு பெறும் தறுவாயில், ஐம்பத்தெட்டு வயதில், மிக்-25 விமானத்திலும் ஏறிப் பறந்தார். வாபிட்டியின் வேகம் மணிக்கு இருநூறு கிலோமீட்டர் அளவு. மிக்-25 ஒலியைப் போல் இருமடங்குக்கும் மேலான வேகம் உடையது. ஒரே மனிதரின் பணிக்காலத்துக்குள் இவ்விரண்டும் அடங்கின.

1981 ஆகஸ்ட் 31ஆம் நாள் ஓய்வு பெற்றார். 1982 மார்ச் முதல் 1985 ஏப்ரல் வரை மகாராஷ்டிர ஆளுநர். அதன்பின் 1988 வரை பிரான்சில் இந்தியத் தூதர். இதில் ஒரு விந்தை உண்டு. அவருடைய துணைவியார் பில்கீஸ் லத்தீஃப் அவர்களின் தந்தை நவாப் அலி யாவர் ஜங்கும் முன்னர் பிரான்சில் தூதராகவும் பின்னர் மகாராஷ்டிர ஆளுநராகவும் இருந்தவர். மாமனார் அமர்ந்த இரு நாற்காலிகளிலும் மருமகனும் அமர்ந்தார். ஆனால் வரிசை மாறிற்று.

பில்கீஸ் அம்மையார் ஆளுநர் மாளிகையின் சுவர்களுக்குள் தங்கிவிடவில்லை. பம்பாயின் தாராவிக் குடிசைப் பகுதியில் பெண்களுக்காகவும் குழந்தைகளுக்காகவும் உழைத்தார். தாராவி என்றால் அங்கே வாழ்வோரில் கணிசமானோர் நம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற தமிழர்கள்; தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்ட தமிழ் முஸ்லிம்களும் அவர்களில் உண்டு. அவர் நூல்களும் எழுதினார். பத்மஸ்ரீ விருதும் பெற்றார். 2017இல் மறைந்தார்.

பணி முடிந்ததும் லத்தீஃப் தாம் பிறந்த ஹைதராபாத்துக்கே திரும்பி அமைதியாக வாழ்ந்தார். நூர்கான் 2011 டிசம்பர் 15ஆம் நாள் காலமானார். படையை விட்டபின் பாகிஸ்தானில் இராணுவ ஆட்சியை எதிர்த்து அரசியல் நடத்திச் சிறையும் கண்ட அஸ்கர் கான், 2018 ஜனவரி 5ஆம் நாள் தொண்ணூற்றாறு வயதில் மறைந்தார். விமானப் படையின் மார்ஷல் என்னும் பட்டத்தை 2002இல் பெற்றிருந்த அர்ஜன் சிங், அதற்கு முந்திய செப்டம்பரில்தான் கண்மூடியிருந்தார். பர்மாவின் வானில் பறந்த அந்நால்வரில் எஞ்சியிருந்தவர் லத்தீஃப் ஒருவரே. அஸ்கர் கான் மறைந்த நான்காம் மாதம், 2018 ஏப்ரல் 30ஆம் நாள், ஹைதராபாத்தில் அவர் வஃபாத் ஆனார். அப்போது அவருக்கு வயது தொண்ணூற்று நான்கு.